வாரா வாரம் சீம்பால்

வேங்கிக்கால்,
3-8-2025

திருமதி பாஞ்சாலை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அழைப்புகளை நான் எடுக்காமல் இருப்பது கைபேசியின் பழுதினால் அல்ல. பேசினால் என் குரல் உயரும், தாங்கள் அழுவீர்கள், அழுது முடித்தபின் எதற்காகப் பேசத் தொடங்கினோம் என்பது இருவருக்கும் மறந்துபோகும். மணமான நாள் முதல் இதுவே நம் நடைமுறை. இம்முறை மறக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற செவ்வாயன்று என் வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு பசு வரையப்பட்டிருந்தது. அடியில் ‘சீம்பால் சார்’ என்று எழுதியிருந்தார்கள். வரைந்தவன் அதற்கு ஆறு காம்புகள் போட்டிருந்தான். அழித்துவிட்டு அன்றைய பாடத்தை நடத்தினேன். காரணம் மாலையில்தான் விளங்கியது. தேநீர்க் கடையில் கணினித் துறை கோபி தன் கைபேசியை என் முன் நீட்டினார். “சார், மேடம் செம்மையா பேசறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுலயும் செஞ்சு பாத்தோம்.”

பேரனைப் பார்த்துக்கொள்ளத் தாங்கள் போயிருக்கும் வீட்டிலிருந்து நம் மகள் நடத்தும் ‘கம்மி செலவு கிச்சன்’ என்னும் அலைவரிசையை அன்றுதான் பார்த்தேன். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், சிறிது வெல்லம். ஆவியில் வைத்தால் கன்று ஈன்ற பசுவின் முதல் பாலான சீம்பாலைப் போலவே கட்டியாகும் புட்டிங். நல்லது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தாங்கள் சொன்னதை எழுத்து மாறாமல் இங்கே தருகிறேன்:

“அப்ப எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. கீழ்பென்னாத்தூர்ல எங்க அண்ணன் சீம்பால் குடுத்தனுப்புச்சுன்னு சொல்லி வாரா வாரம் இத வெச்சுடுவேன். எந்த மாடு வாரா வாரம் கன்னு போடும்? கன்னு போட்டு நாலு நாளைக்குத்தான் சீம்பால் வரும்னுகூட அவருக்குத் தெரியாது. டவுன்ல வளந்தவரு, எம்.ஏ. படிச்சவரு இல்லியா, அப்பிடியே நம்பிட்டாரு!”

பின்னணியில் சினேகாவின் சிரிப்பு. அந்தப் புட்டிங்கைத் தின்று வளர்ந்த குழந்தையின் சிரிப்பு.

அந்தக் காணொளியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தொலைபேசியில் பேசுவதற்கில்லை.

மற்றொன்று. செய்முறையிலும் பிழை இருக்கிறது. தாங்கள் கூறியபடியே சூடான பாலில் வெல்லத்தைப் போட்டேன். பால் திரிந்துவிட்டது. ஊரே பார்க்கும் ஒன்றில் இத்தகைய கவனக்குறைவு கூடாது.

இப்படிக்கு,
செழியன்

---

பெருங்களத்தூர்,
9-8-2025

சினேகா அப்பாவுக்கு,

பாஞ்சாலை எழுதறது. ‘அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கீங்க. நான் என்ன தாசில்தாரா? தபால்காரர் குடுத்ததும் மாப்பிள்ளை பாலாஜி பயந்தே போயிட்டாரு, கோர்ட்டு நோட்டீஸோன்னு. பிரிச்சுப் பாத்தா அதுக்கும் ஒண்ணும் கம்மியில்ல.

நான் உங்கள அசிங்கப்படுத்தணும்னு சொல்லல. மத்தியானம் குழந்தை தூங்கற நேரத்துல சும்மா இருக்கறமேன்னு சினேகாதான் ஆரம்பிச்சா. மொதல்ல காஞ்சுபோன பன்னுல புட்டிங் செஞ்சோம். அப்புறம் கடல்பாசி, கேழ்வரகுப் பால். நாம அப்ப செஞ்சு சாப்பிட்டதுதான் எல்லாம். செய்யும்போது “இத எப்பம்மா கத்துக்கின?”னு கேட்டா. வாயில வந்துடுச்சு. சிரிச்சுக்கினே சொன்னேன். சிரிக்காம சொல்லியிருந்தா அழுகை வந்திருக்கும், அத ஜனங்க பாக்கறதுக்கு இது தேவலைன்னு தோணுச்சு.

வீடியோவ எடுக்க மாட்டேன். கோச்சுக்காதீங்க. கீழ எத்தினி பேரு எழுதறாங்க தெரியுமா? “அம்மா, எங்க வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்ல, பசங்க இனிப்பு கேட்டா என்ன செய்யறதுன்னு முழிச்சேன், இன்னிக்கு இத செஞ்சேன்”னு ஒரு பொண்ணு, செய்யாறாம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? எங்க வீட்டுக்காரருக்குக் கோவம்னா?

வெல்லம் விஷயம். சூடா இருக்கற பால்ல வெல்லம் போட்டா திரியத்தான் செய்யும், அது எல்லாருக்கும் தெரியும்னு சொல்லாம விட்டுட்டேன். வெல்லத்தத் தனியா தண்ணி விட்டுக் கரைச்சு, வடிகட்டி, நல்லா ஆற வெச்சுட்டு, ஆறின பால்ல ஊத்துங்க. பச்சை பாக்கெட் பாலு போதும். முட்டைய நுரை வராம கலக்கணும்.

ஆமா, நீங்க எதுக்கு செஞ்சீங்க? இனிப்பே வேணாம்னு சொல்றவராச்சே.

இன்னொண்ணு. மாப்பிள்ளை பெரிய வீடு பாக்கறாரு. எனக்குன்னு தனி ரூம்பு வெச்சு. “இங்கயே இருந்துடுங்க அத்த, புள்ளைக்கும் ஆச்சு”ன்றாரு. ஐப்பசிக்குள்ள சொல்லணுமாம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. பேரனைப் பாக்க ஒரே ஒரு தரம் வந்தீங்க, மெட்ரோ தண்ணி லாரிக்காரன் மாதிரி வந்து நின்னுட்டுப் போயிட்டீங்க. இப்ப அவன் குப்புற விழறான்.

பாஞ்சாலை

---

வேங்கிக்கால்,
17-8-2025

பாஞ்சாலை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீக்குவதில்லை என்னும் தங்கள் முடிவைக் குறித்துக்கொண்டேன்.

வெல்லத்தை ஆறவைத்தேன். பால் திரியவில்லை. ஆனால் வெந்தது புட்டிங் அன்று, பாத்திரம் தேய்க்கும் நுரைப்பஞ்சு. உள்ளே எங்கும் ஓட்டைகள். மேலே குளம்போல் நீர். இட்லிப் பானையில், சொன்ன நேரம்தான் வைத்தேன். மீண்டும் ஏதோ ஒன்று ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று விடப்பட்டிருக்கிறது.

எதற்காகச் செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். பால் மீந்துபோகிறது, அதனால்தான். இன்னும் அரை லிட்டர் பாக்கெட்டே வாங்குகிறேன். “ஒருத்தருக்கு எதுக்கு சார் அரை? கால் லிட்டர் போதாதா?” என்று பால் பூத்துப் பொன்னி கேட்டாள். போதும். ஆனால் கால் லிட்டர் கேட்டால் அடுத்த கேள்வியும் வரும். ஆகவே அரை லிட்டரே வாங்கி, வழக்கம்போலப் பாக்கெட்டை வெட்டி, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, அந்த நீரைத் தேநீருக்கு ஊற்றுகிறேன். இட்லிப் பானையில் மிஞ்சும் சுடுநீரில் பாத்திரம் கழுவுகிறேன். சிக்கனத்தை நான் கைவிட்டுவிட்டதாக யாரும் குறைகூற முடியாது.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஒரு காலத்தில் நாம் இல்லாமையில் இருந்தோம் என்பது ஊருக்குத் தெரிவதில் எனக்கு வெட்கமில்லை. நான் வேலை பார்த்த கல்லூரியை மூடியவன் நானல்லன். ‘பாவம்’ என்றால்கூடக் கேட்டுக்கொள்வேன். ‘நம்பிட்டாரு’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தங்கள் கையால் சாப்பிட்ட ஒருவன் என்ன அறிந்திருந்தான், என்ன அறியவில்லை என்பதைத் தாங்கள் ஒருமுறையாவது கேட்டதுண்டா? கேட்காமலே ஊருக்கு அறிவித்துவிட்டீர்கள்.

புதிய வீடு குறித்த முடிவு தங்களுடையது. எனக்குக் கருத்தில்லை.

குப்புற விழும்போது தலைப்பக்கம் துணி மடித்துப் போடவும்.

செழியன்

---

பெருங்களத்தூர்,
25-8-2025

சினேகா அப்பாவுக்கு,

ஓட்டை விழுந்தா தீ ஜாஸ்தின்னு அர்த்தம். பானையில தண்ணி கொதிச்சதும் அடுப்ப ரொம்ப சின்னதாக்கிடணும். டப்பாவ ஒரு தட்டு போட்டு மூடணும், இல்லன்னா ஆவித் தண்ணி சொட்டி மேல குளம் கட்டும். வெந்ததும் உடனே எடுக்கக் கூடாது, பானையிலயே ஆறணும். உங்களுக்கு எப்பவும் அவசரம்.

‘கருத்தில்லை’ன்னு எழுதிட்டீங்க. அந்த வரியத் திரும்பத் திரும்பப் படிச்சேன், அடியில ஏதாச்சும் இருக்குமான்னு. நாளைக்கே மாப்பிள்ளைகிட்ட சரின்னு சொல்லிடட்டுமா? சொல்லுங்க.

நீங்க கேட்டதுண்டான்னு கேக்கறீங்க. நான் எப்பிடிக் கேக்கறது? அந்த வருஷம் நீங்க பேசினதே கம்மி. தட்டுல வெச்சா பாதிய சினேகா பக்கம் தள்ளிடுவீங்க. “எனக்குப் போதும்”பீங்க. கன்னத்துல எலும்பு தெரிஞ்சுது. முட்டை வாங்கி வெச்சா, புள்ளைக்குக் குடுன்னுடுவீங்க. நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தெச்சுக் குடுத்து வாங்கின முட்டை. ஒரு நாள் உங்க அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு, சீம்பால யார் குடுத்தாலும் வேணாம்னு சொல்லக் கூடாது, கறக்கற மாட்டுக்கு ஆகாதுன்னு. அதான் சீம்பால்னு சொன்னேன். அன்னிக்குதான் உங்க பங்க முழுசா சாப்பிட்டீங்க. அப்புறம் எனக்கு விட மனசு வரல. வாரா வாரம் சொன்னேன்.

அண்ணன் பேர சொன்னதுதான் தப்பு. “மாப்ள, உங்க படிப்ப சட்டியில போட்டு வேகவெச்சா வேகுமா?”ன்னு நாலு பேரு முன்னாடி அவரு கேட்டதுல இருந்து நீங்க அந்த வாசப்படி மிதிக்கல. ஆனா மாடு இருந்தது அவரு வீட்டுல மட்டும்தான், நான் வேற யாரு பேர சொல்றது?

இன்னொண்ணு இருக்கு. வீடியோவுல சொல்லல, சினேகாவுக்கும் தெரியாது. சீம்பால் வந்த தூக்குவாளிய வெறுசா திருப்பி அனுப்பக் கூடாதுன்னு நீங்க அதுல ஏதாச்சும் போட்டு வெப்பீங்க. ஒரு பிடி வேர்க்கடல. ஒரு வாரம் வெல்லக்கட்டி. ஒரு வாரம் நாலு ஏலக்கா காயிதத்துல மடிச்சு. “உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடு, யாருக்கும் நாம கடன் வைக்கறதில்ல”ன்னு விறைப்பா சொல்லுவீங்க. அதெல்லாம் அங்க போகவேயில்ல. தூக்குவாளியே பரண்ல இருந்து நான் எடுத்ததுதான். நீங்க போட்டதத் திருடி நமக்கே போட்டு ஆக்கிட்டேன். உங்க ரோஷத்துல இருந்து திருடின மாதிரி இன்னிக்கும் உறுத்தும். வீடியோவுல உங்கள ஏமாத்தினேன்னு சிரிச்சது அந்த உறுத்தல மூடறதுக்குத்தான்னு வெச்சுக்கோங்க.

இப்ப சொல்லிட்டேன். இதுக்கும் சேத்துத் திட்டி எழுதுங்க.

பாஞ்சாலை

---

வேங்கிக்கால்,
7-9-2025

பாஞ்சாலை,

இன்று பௌர்ணமி. மலையைச் சுற்றிவரும் கிரிவலக் கூட்டத்தால் வாசலில் காலையிலிருந்து வண்டிகளின் இரைச்சல். பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீயைக் குறைத்தேன். தட்டால் மூடினேன். பானையிலேயே ஆறவிட்டேன். இம்முறை கவிழ்த்ததும் அது முழுதாக வந்து தட்டில் நின்றது; லேசாக ஆடியது. கத்தி பிசிறில்லாமல் இறங்கியது. மூன்றாக வெட்டினேன். வெட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது, மூன்று எதற்கு என்று.

உன் கடிதத்திற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம். அது குறைந்துவிட்டதாக எண்ணாதே. அது இடம் மாறியிருக்கிறது.

முதல் சில வாரங்கள் நான் நம்பினேன். அதை மறுக்கவில்லை. என் தகப்பனார் நீதிமன்ற எழுத்தர். எங்கள் வீட்டில் பால் பாட்டிலில் வந்தது. உன் அண்ணன் தசரதன் தன் வார்த்தைக்கு வருந்தித்தான் கொடுத்தனுப்புகிறார் என்று எண்ணினேன். அந்த வருத்தத்தைக்கூட இலவசமாகப் பெற எனக்கு மனமில்லை. ஆகவே வீட்டில் இருந்த வேர்க்கடலையில் ஒரு பிடியைத் தூக்குவாளியில் போட்டேன்.

அடுத்த வாரச் சீம்பாலின் மேல் வேர்க்கடலைப் பொடி தூவியிருந்தது.

நான் பொருளாதாரம் படித்தவன், பாஞ்சாலை. ஒரு பண்டம் கீழ்பென்னாத்தூருக்குப் போய்ப் பொடியாகித் திரும்பி வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். தட்டைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். நீ முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருக்குதா? அண்ணி கடல தூவி அனுப்பிச்சிருக்குது” என்றாய். உன் விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள். சீம்பாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், என் வீட்டுக் கடலையின் ருசி தெரியாதா?

“நல்லா இருக்கிறது” என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உண்மையைச் சொன்னால் மறுவாரம் நீ செய்யமாட்டாய். செய்தாலும் என்னால் உண்ண இயலாது. நீ ஒரு பொய்யைத் தட்டில் வைத்தாய். அதை உண்மை என்று நம்புகிறவனாக இருப்பது ஒன்றுதான் அப்போது என்னால் செய்ய முடிந்த வேலை. அதைச் சரியாகச் செய்தேன். வேலையில்லாதிருந்த அந்தக் காலத்தில் நான் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத வேலை அதுவே.

அதன்பிறகு தூக்குவாளியில் நான் போட்டவை எதுவும் உன் அண்ணனுக்கல்ல. வெல்லம் தீர்ந்திருந்த வாரம் வெல்லம் போட்டேன். நீ சுக்குத் தட்டிப் போட்டு வாசனைக்கு ஏங்கியதைப் பார்த்து, பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கிடைத்ததில் ஏலக்காய் வாங்கிப் போட்டேன். விறைப்பாகச் சொன்னேன்தான். விறைப்பில்லாமல் சொல்லியிருந்தால் என் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். உனக்கு ஒன்றை நேராகக் கையில் கொடுக்க அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ எதையும் திருடவில்லை. உனக்காக வைத்ததை நீ எடுத்துக்கொண்டாய்.

இதைத்தான் நான் இருபது ஆண்டுகளாக வாய் திறவாமல் வைத்திருந்தேன். வயதான பிறகு, என்றேனும் ஒரு மாலையில், பேச ஒன்றுமில்லாதபோது உனக்குச் சொல்லலாம் என்று. நீ முந்திக்கொண்டாய், அதுவும் பாதி தெரியாமல், கடைத்தெருவுக்கு. இப்போது என் கோபம் எதன்மேல் என்று புரிகிறதா?

காணொளியை நீக்க வேண்டாம். அந்தச் செய்யாற்றுப் பெண்ணின் வீட்டுக்காரர் நம்புகிறாரா, நம்புவதுபோல் இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடட்டும்.

மூன்றாவது துண்டு பொன்னிக்குப் போயிற்று. “மேடம் வந்துட்டாங்களா சார்?” என்றாள்.

செழியன்

---

பெருங்களத்தூர்,
24-9-2025

சினேகா அப்பாவுக்கு,

உங்க கடிதாசி வந்து ரொம்ப நாளாச்சு. எழுத உக்காந்தா முடியல. எடுத்து எடுத்துப் பாத்துட்டு அரிசி டப்பாவுல வெச்சுட்டேன். சினேகா அரிசி எடுக்கப் போய்ப் படிச்சுட்டா. குழந்தைய என் மடியில போட்டுட்டு பாத்ரூமுக்குள்ள போய்த் தண்ணியத் திறந்துவிட்டுக்கினா. தண்ணி வீணாப் போவுதுன்னு நான்கூட சொல்லல.

நல்லா நடிச்சீங்க. அந்த வேர்க்கடல வாரம் கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு உங்க வாயையே பாத்துக்கினு இருந்தேன். நீங்க பாட்டுக்கு “நல்லா இருக்கிறது”ன்னு புத்தகத்துல இருக்கற மாதிரி சொன்னீங்க. அப்பாடான்னு நான் அடுக்களைக்குப் போய் மோருகூட ஊத்தாம நின்னேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கினு என்னா கூத்து அடிச்சிருக்கோம்.

போன வாரம் புது வீடியோ போட்டோம். வெல்லத்த ஆற வெச்சு ஊத்துங்க, தீய கம்மியா வெய்யுங்க, தட்டு போட்டு மூடுங்கன்னு திருத்திச் சொன்னேன். “வேற ஏதாச்சும் சொல்லும்மா, அப்பா பத்தி”ன்னா சினேகா. ஒண்ணும் இல்லன்னுட்டேன். மீதி நம்மகிட்டயே இருக்கட்டும்.

புரட்டாசி பொறந்துடுச்சு, முட்டை போட்டு செய்யாதீங்க.

அண்ணன் போன் பண்ணுச்சு. செவலப் பசு நிறைமாசமா நிக்குதாம், அடுத்த வாரக் கடைசியில கன்னு போட்டுடுமாம். “வாம்மா, சீம்பால் ஆளாளுக்கு வாங்கிக்கினு போயிடுவாங்க, நீ வந்தா உனக்கு எடுத்து வெப்பேன்”னுச்சு. நெஜமாவே கூப்பிட்டுக் குடுக்குது பாருங்க, இத்தினி வருஷம் கழிச்சு. வெள்ளிக்கிழமை, மூணாம் தேதி, மாப்பிள்ளை பஸ் ஏத்தி விடறேன்னாரு. கீழ்பென்னாத்தூர்ல ரெண்டு மூணு நாள் இருப்பேன்.

அங்கருந்து எங்க போறதுன்னு முடிவு பண்ணல. மெட்ராஸ் பஸ்ஸும் அதே ரோட்டுலதான் நிக்குது, திருவண்ணாமலை பஸ்ஸும் அதே ரோட்டுலதான் நிக்குது. எதிரெதிர் பக்கம், அவ்ளோதான். மாப்பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லல. இத்தன கடிதாசி எழுதினீங்க, எல்லாம் நல்ல தமிழ். ஆனா ஒரு வார்த்தைய மட்டும் எதுலயும் காணோம். அது எது தெரியுமா? தெரியாத மாதிரியே இருப்பீங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே.

பாஞ்சாலை

---

வேங்கிக்கால்,
30-9-2025

பாஞ்சாலை,

இது தசரதன் வீட்டு முகவரிக்கு வருகிறது. பிரிப்பது நீயாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆறாம் தேதி பௌர்ணமி. அன்று ஊருக்குள் பேருந்து வராது. தற்காலிக நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து வேங்கிக்காலுக்கு அந்தக் கூட்டத்தில் நடக்க உன் முழங்கால் இடங்கொடுக்காது. ஆட்டோக்காரர்கள் அன்றைக்கு வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். ஆகவே அதற்கு முன்தினமே, ஞாயிறன்று காலை, நான் கீழ்பென்னாத்தூருக்கு வந்து உன்னை அழைத்துவரத் தீர்மானித்திருக்கிறேன். இது முழுக்கவும் போக்குவரத்தை முன்னிட்டு எடுத்த முடிவு.

மேலே உள்ளதை எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். நீ தேடும் வார்த்தை இதிலும் இல்லை. எனவே தனியாக எழுதுகிறேன்.

வா.

பாலாஜியிடம் நன்றி சொல்லிவிடு. மாதம் ஒரு முறை இருவரும் போவோம். பேரன் தவழ்வதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரப் பழகிக்கொள்கிறேன்.

உன் அண்ணன் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் ஏதாவது கேலி சொல்வார். சொல்லட்டும். நீ குறுக்கே வராதே. படிப்பைச் சட்டியில் போட்டால் வேகாது என்பது சரிதான் என்று அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். தீயைக் குறைத்து, தட்டால் மூடி, காத்திருந்தால் வேறு சில வேகும் என்பதையும்.

பரணிலிருந்து பழைய தூக்குவாளியை இறக்கினேன். மூடி சற்று நசுங்கியிருக்கிறது; பொருந்துகிறது. புளி போட்டுத் துலக்கி வெயிலில் வைத்திருக்கிறேன். சீம்பாலை அதில் வாங்கிக்கொள்வோம்.

நான் அங்கு வரும்போது அது வெறுமையாக வராது. ஒரு பிடி வேர்க்கடலை இருக்கும். இந்த முறையாவது அதை உன் அண்ணன் வீட்டில் கொடுத்துவிடு.

செழியன்